முப்பத்திரண்டுக்குக் கீழே

ஹெலனுக்கு முப்பத்தொன்பது வயது. காக்களூர் எஸ்டேட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் பதினாலு வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். நின்றுகொண்டே என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. மோல்டிங் மெஷினிலிருந்து சூடாக வந்து விழும் மூடிகளைப் பொறுக்கி, பிசிறு வெட்டி, பெட்டியில் அடுக்கும் அந்த வரிசையில் இருபத்திரண்டு பெண்களுக்கும் ஸ்டூல் கிடையாது. உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பது கம்பெனியின் கண்டுபிடிப்பு. கண்டுபிடித்தவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பார்.

அதனால்தான் ஹெலனுக்கு ஃபோர்க்லிஃப்ட் மேல் அவ்வளவு ஆசை. பெட்டி அடுக்கிய பலகையை இரண்டு இரும்புக் கரங்களால் தூக்கிக்கொண்டு குடோனுக்கும் லாரிக்கும் போய்வரும் அந்த மஞ்சள் வண்டியில் உட்கார்ந்துதான் வேலை செய்ய முடியும். நின்றுகொண்டு ஓட்டு என்று எந்தக் கொம்பனும் சொல்ல முடியாது. இரண்டு வருஷம் முன்பே செவ்வாப்பேட்டைப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் போய்க் கற்றுக்கொண்டு, சான்றிதழும் வாங்கி வைத்திருந்தாள். கம்பெனியில் பெண்களை அந்த வண்டிக்கு எடுக்கமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கற்றுக்கொண்டாள்.

இந்த வருஷம் மார்ச்சில் எச்.ஆர். கல்பனா எல்லோரையும் கேன்டீனில் கூட்டி இரண்டு செய்தி சொன்னார். ஒன்று, ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஒரு பெண்ணை எடுக்கப் போகிறார்கள். மூடி வாங்கும் பெரிய கம்பெனிக்காரர்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு, அதே பெரிய கம்பெனி தொழிலாளர் ஆரோக்கியத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறது. ஆகவே பன்னிரண்டு வாரம், வெள்ளிக்கிழமைதோறும், ஷிப்ட் முடிந்ததும் எல்லோருடைய உடம்புக் கொழுப்பையும் அளப்பார்கள். வண்டிக்கு விண்ணப்பிக்கிறவர் முடிவில் முப்பத்திரண்டு சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

"எடை முக்கியமில்லைங்க. எடையில எலும்பு, சதை எல்லாம் சேர்ந்திருக்கும். உடம்புல எத்தனை பங்கு கொழுப்புன்றதுதான் உண்மையான ஃபிட்னஸ்," என்றார் கல்பனா. அவர் கெட்டவர் இல்லை. தினமும் காலையில் திருவள்ளூர் ஏரிக்கரையில் ஓடுகிறவர். தனக்கு நன்றாக இருந்தது ஊருக்கே நன்றாக இருக்கும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான். ஏற்கெனவே வண்டி ஓட்டுகிற ஆண் டிரைவருக்கு எத்தனை சதவீதம் என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். அவர் காண்ட்ராக்ட் ஆள், இந்தத் திட்டத்தில் வரமாட்டார் என்று பதில் வந்தது. அந்த டிரைவரின் வயிறு அவருக்கு முன்னால் வண்டியில் ஏறும். ஆனால் அது திட்டத்தில் வராத வயிறு.

கண்ணாடி வைத்த தராசுமாதிரி ஒரு மெஷின். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி நிற்க வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை ஹெலன் ஏறினாள். முப்பத்தைந்து புள்ளி நான்கு.

"நீ பேசற பேச்சுக்கு அறுவது காட்டும்னு நெனச்சேன். கொறச்சலாதான் காட்டுது," என்றாள் கன்னியம்மா. கன்னியம்மா வரிசையில் மூத்தவள், ஐம்பத்தைந்து வயது, ஹெலனுக்குப் பக்கத்து மெஷின். எல்லோரும் சிரித்தார்கள். ஹெலனும் சிரித்துவிட்டு, ஸ்டேஷன் போகிற வழியிலேயே ஒரு ஜிம்மில் பெயர் கொடுத்துவிட்டாள்.

பெண்களுக்கான ஜிம். நடத்துகிறவள் காயத்ரி என்கிற பெண், இருபத்தாறு வயது, ஒரு காலத்தில் மாவட்ட அளவில் பளு தூக்கியவள். வாரத்தில் மூன்று சாயங்காலம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஒரு தடவை. ஹெலனின் அம்மா கடம்பத்தூர்ப் பக்கம் கழனியில் கூலிக்கு நாற்று முடி தூக்கியவள். அந்த முதுகு மகளுக்கும் வந்திருந்தது. மூன்றாம் வாரத்திலேயே நாற்பது கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்தாள். வீட்டில் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். அவள் புருஷன் இம்மானுவேல் கும்மிடிப்பூண்டியில் வெல்டர். வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"இன்னாமே, கேனக் கட்டிப் புடிச்சிகினு கீற? நான் ஒருத்தன் ஊட்ல கீறனே."

"உன்ன தூக்கினா கொழுப்பு கரையாது. ஏறும். ஓரமாப் போ."

பூரி போச்சு, பஜ்ஜி போச்சு. டீயில் சர்க்கரை போச்சு. சாதம் பாதியாகி, சுண்டலும் முட்டையும் வந்தன. ஆறாம் வாரம் ரவிக்கைக்கு ஒரு ஹூக்கை உள்ளே தள்ளித் தைக்க வேண்டியிருந்தது. பாவாடை நாடா ஒரு சாண் மிச்சம் தொங்கியது. ஸ்டேஷன் படிக்கட்டில் மூச்சு வாங்குவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மெஷினுக்கு மட்டும் இதெல்லாம் எட்டவேயில்லை. முப்பத்தைந்து புள்ளி நான்கு, முப்பத்தைந்து, முப்பத்தைந்து புள்ளி இரண்டு, முப்பத்தைந்து, முப்பத்தைந்து புள்ளி ஒன்று, முப்பத்து நான்கு புள்ளி எட்டு. ஹெலன் இந்த எண்களை அடுப்புக்கு மேல் மாட்டிய காலண்டரில் எழுதிவந்தாள். ஆறு வாரம் பட்டினி கிடந்து, இடுப்பொடியத் தூக்கி, கிடைத்தது அரைப் புள்ளி. அவளுக்கு அழுகை வரவில்லை. மெஷினைத் தூக்கிக் குடோன் சுவரில் அடிக்கலாம் போல வந்தது.

ஹெலனுக்கு மட்டுமில்லை, வரிசையில் யாருக்குமே குறையவில்லை. அவர்களும் அவர்களுக்குத் தெரிந்த வழியில் பாடுபட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தால் சுத்தமாகத் தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் குடித்தால் எடை ஏறும், எடை ஏறினால் கொழுப்பும் ஏறும் என்பது கணக்கு. சுமலதா என்கிற புதுப்பெண் ஒரு படி மேலே போய், வியாழக்கிழமை சாயங்காலமே நிறுத்திவிடுவாள். மதியம் இரண்டு மணிக்கு மெஷின் முன்னால் வரிசையில் நிற்கும்போது அத்தனை பேர் உதடும் வெடித்துக் கிடக்கும். அப்படியும் எண் இறங்கவில்லை என்றால், நம் உடம்பே அப்படி என்று தலையில் அடித்துக்கொண்டு போவார்கள்.

ஏழாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை ஜிம்முக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்திருந்தது. ஹெலன் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். கம்பெனியில் இருப்பதேதான், அதே கண்ணாடி, அதே பெயர். வேண்டாம் என்று சொன்னவளைக் காயத்ரி விடவில்லை. ஏறினாள். முப்பத்தொன்று புள்ளி ஆறு.

"இந்த மெஷினு பொய் சொல்லுது," என்றாள் ஹெலன். "நான் சந்தா கட்டறேன்னு சோப்பு போடுது. முந்தாநாள் கம்பெனில முப்பத்தி நாலரைக்கு மேல காட்டிச்சு."

காயத்ரி அவளை இறக்கி மறுபடி ஏற்றினாள். தானும் ஏறிப் பார்த்தாள். அப்புறம் யோசித்துக் கேட்டாள். "அக்கா, வெள்ளிக்கெழம மெஷின்ல ஏறதுக்கு முன்னாடி எப்போ தண்ணி குடிச்சீங்க?"

"வியாழக்கெழம ராத்திரி. லீவு நாள்ல ஊட்ல குடிப்பேன்."

காயத்ரி மெஷினைத் திருப்பி, கால் வைக்கும் இடத்தில் இருந்த உலோகத் தகடுகளைக் காட்டினாள். "இது கொழுப்ப நேரா பாக்காதுக்கா. இதுக்குக் கண்ணு இல்ல. கால் வழியா துளி கரண்ட் அனுப்பும். ஒடம்புல தண்ணி இருக்கற எடத்துல கரண்ட் சுளுவா போவும். சதையில தண்ணி கீது, அதனால போவும். கொழுப்புல போவாது, தடுக்கும். எவ்ளோ தடுக்குதோ அத வச்சி ஒரு கணக்குப் போட்டு, இவ்ளோ கொழுப்புன்னு சொல்லும். தண்ணியே இல்லாத ஒடம்பா இருந்தா? காஞ்ச சதையையும் கொழுப்புன்னு நெனச்சிக்கும்."

"அப்போ ஏறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு குடிச்சா?"

"வேலைக்காவாது. வயித்துல நிக்கற தண்ணிக்கு அது ஏமாறாது. தெனமும், நாள் பூரா, ஒழுங்கா குடிக்கணும். நீங்க ஏன் குடிக்கறதில்ல?"

ஏன் குடிப்பதில்லை என்பதைச் சொல்ல ஹெலனுக்கு வெட்கமாக இருந்தது. பதினாலு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பெண்களுக்கு ஒரே ஒரு பாத்ரூம். அது முற்றத்தைத் தாண்டி ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால். போக நாலு நிமிஷம், வர நாலு நிமிஷம். வரிசைக்கு ஒரு சிவப்பு அட்டை சூப்பர்வைசர் துளசிராமன் மேஜையில் தொங்கும். அட்டை இருந்தால்தான் போகலாம், ஒருத்தி வந்த பிறகுதான் இன்னொருத்தி போகலாம். எடுக்கிற நேரத்தை அவர் எழுதிவைப்பார். ஒரே ஷிப்டில் இரண்டாவது தடவை எடுக்கிறவளைப் பார்த்து, லோடு ஏற்றுகிற ஆண்களுக்கும் கேட்கிறமாதிரி, "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்பார். அவர் திட்டியதே இல்லை. அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

ஹெலன் வேலைக்கு வந்த முதல் நாள் கன்னியம்மா அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "காலீல ஒரு கிளாஸ் டீ, அத்தோட நிறுத்திக்கோ. சோத்தோட ரெண்டு முழுங்கு. மீதிய ஊட்டுக்குப் போயி குடிச்சிக்கோ. இங்க வாயக் கட்டினாதான் மானம் மிஞ்சும்." எந்த மெஷின் எப்படி ஓடும் என்பதற்கு முன்னால் சொல்லித்தரப்படும் பாடம் அது. ஹெலனும் அதற்குப் பிறகு வந்த பதினோரு பெண்களுக்கு அதே பாடத்தைச் சொல்லித்தந்திருக்கிறாள். சுமலதாவுக்கு ஜனவரியில்தான் சொன்னாள். கன்னியம்மாவுக்கு இரண்டு தடவை சிறுநீரகத்தில் கல். சுமலதாவுக்கு மாதத்துக்கு ஒரு தடவை நீர்க்கடுப்புக் காய்ச்சல். எல்லாம் அவரவர் உடம்பு வாகு என்றே பேசிக்கொண்டார்கள்.

கடம்பத்தூர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெலன் இதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கம்பெனி மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. குடிக்கக் கூடாது என்று ஒருத்தரும் சட்டம் போடவில்லை. பெண்களே சட்டம் போட்டு, பெண்களே காவல் நின்று, அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை இரண்டு லிட்டர் பாட்டிலோடு போனாள். வரிசைக்குள் பாட்டில் வைக்க அனுமதியில்லை, ஆகவே கதவுக்கு வெளியே தண்ணீர் டிரம் பக்கத்தில் வைத்தாள். பெட்டி நிறைந்து கொண்டுபோய் வைக்கிற ஒவ்வொரு நடையிலும் நாலு மிடறு. எட்டரை மணிக்கு அட்டையை எடுத்தாள். பத்தேகாலுக்கு எடுத்தாள். பதினொன்றரைக்கு மூன்றாவது தடவை எடுக்கும்போது துளசிராமன் பேனாவை மூடினார். லோடு ஆட்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றார்கள்.

"இன்னாம்மா ஹெலனு, மூணாவது வாட்டி. ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்பு நல்லா கீது சார். அதான் போறேன்."

லோடு ஆள் ஒருவர் சிரித்துவிட்டார். துளசிராமன் முகத்தில் சிரிப்பு இல்லை. பதினாலு வருஷமாக வேலை செய்த கேள்வி அன்றைக்கு வேலை செய்யவில்லை.

"இப்டி ஆளாளுக்குப் போனா லைன் இன்னா ஆவறது?"

"இன்னொரு அட்ட மாட்டுங்க சார். லைன் ஓடும்."

சாப்பாட்டு வேளையில் பெண்களிடம் மெஷின் விஷயத்தைச் சொன்னாள். கரண்ட், தண்ணீர், காய்ந்த சதை, எல்லாம். நம்பாதவர்கள்தான் அதிகம். கன்னியம்மா டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கோபித்துக்கொண்டாள். "எனுக்கு மூணு வருசம்தான் பாக்கி. வம்ப இஸ்துகினு வராத. உனுக்கு வண்டி வோணும், நீ குடி. எங்களுக்கு இன்னாத்துக்கு?"

"உனுக்கு ரெண்டு தபா கல்லு வந்துச்சேக்கா."

"அது என் ஒடம்பு வாகு."

"வாகும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ எனுக்குச் சொல்லிக் குடுத்த, நான் இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு பேரும் தப்பா சொல்லிக் குடுத்துட்டோம்."

கன்னியம்மா அதற்கப்புறம் இரண்டு நாள் ஹெலனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டி வைக்கப் போனவள், டிரம் பக்கத்திலிருந்த ஹெலன் பாட்டிலை எடுத்துக் கடகடவென்று பாதியைக் குடித்துவிட்டு வந்து நின்றாள். மறுநாள் அவளே ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். சுமலதா கொண்டுவந்தாள். எட்டாம் வார முடிவில் டிரம்முக்குப் பக்கத்தில் ஒன்பது பாட்டில், பத்தாம் வாரத்தில் இருபது. அட்டை மேஜையில் தொங்கவே நேரமில்லை. ஒருத்தி வரும்போதே இன்னொருத்தி கையை நீட்டுவாள். துளசிராமன் எழுதி எழுதிப் பக்கம் நிறைந்தது. மூடிகள் அங்கங்கே குவிந்தன.

கல்பனா ஹெலனை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஹெலன், ஒரு ஷிப்ட்ல அஞ்சு தடவை போறீங்கன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. மத்தவங்களையும் நீங்கதான் தூண்டி விடுறீங்கன்னு எழுதியிருக்காங்க. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவங்க நடுவுல வண்டியை விட்டுட்டு இறங்கிப் போனா எப்படி?"

"இப்போ ஓட்றவரு பீடி புடிக்க எத்தினி வாட்டி எறங்கறாருன்னு யாரும் எழுதறதில்லியே மேடம்."

"அது வேற."

"ஆமா வேற. அவரு பொகைய உள்ள இஸ்துக்கறாரு. நான் தண்ணிய வெளிய உடறேன்."

கல்பனா சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு குரலை இறக்கி நல்லவிதமாகச் சொன்னார். வண்டிக்கு இரண்டு பேர்தான் போட்டி. இன்னொருத்தி பேக்கிங் பகுதிக்காரி, ஏசி அறையில் வேலை, முப்பதுக்குப் பக்கத்தில் இருக்கிறாள், ஆனால் வண்டி ஓட்டுவதில் ஹெலன் அளவு வராது. தனக்கு ஹெலனைத்தான் பிடிக்கும். ஆனால் துளசிராமன் ரிப்போர்ட் ஃபைலில் இருந்தால் கையெழுத்துப் போட முடியாது. இன்னும் இரண்டு வாரம்தான், அதுவரை இந்தத் தண்ணீர்க் கூத்தை நிறுத்திவிட்டால் போதும்.

கல்பனாவின் மேஜையில் ஒரு பாட்டில் இருந்தது. அதன் பக்கத்தில் மணிக்கணக்கு அச்சடித்திருந்தது. ஒன்பது மணிக்கு இவ்வளவு, பதினொரு மணிக்கு இவ்வளவு, ஒரு மணிக்கு இவ்வளவு. இப்போது பன்னிரண்டு, தண்ணீர் சரியாக நடுக்கோட்டுக்குக் கீழே இருந்தது. அறைக்குள்ளேயே ஒரு கதவில் பாத்ரூம் என்று எழுதியிருந்தது. குடித்தால் ரிப்போர்ட்டால் வண்டி போகும், குடிக்காவிட்டால் மெஷினால் வண்டி போகும். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, உனக்காகத்தான் சொல்கிறேன் என்கிறார்கள்.

"தண்ணி இல்லாம ஏறினா மெஷினு மூணு புள்ளி ஏத்திக் காட்டுது மேடம்."

"மெஷின் பொய் சொல்லாது ஹெலன்."

"மெஷினு பொய் சொல்லல. இதுங்க காஞ்சி கெடக்குதுங்கன்னுதான் சொல்லுது. நீங்கதான் அத கொழுப்புன்னு படிக்கறீங்க." எழுந்து நின்றாள். "நான் குடிப்பேன் மேடம். வண்டி குடுத்தாலும் குடிப்பேன், குடுக்கலனாலும் குடிப்பேன். ரிப்போர்ட்ல அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

வெளியே வந்து டிரம் பக்கம் போய்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். வண்டி போய்விட்டது என்றே நினைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமைகள், செவ்வாப்பேட்டை வெயில், எல்லாம் போச்சு. அன்றைக்குச் சாயங்காலம் ஜிம்மில் ஐம்பத்தைந்து கிலோ தூக்கினாள். யாரைத் தூக்கிப் போடுகிறாள் என்று காயத்ரி கேட்கவில்லை.

பன்னிரண்டாம் வெள்ளிக்கிழமை, மே மாதக் கடைசி. மூடி வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். கறாரான மனுஷி, நரைத்த தலை, கையில் கோப்பு. கேன்டீனில் அவர் கண் முன்னாலேயே அளந்தார்கள். கன்னியம்மா நாலு புள்ளி குறைந்திருந்தாள். சுமலதா மூன்றரை. ஒருத்தி பின் ஒருத்தியாக எண் இறங்கிக்கொண்டே வந்தது. கல்பனாவின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ஹெலன் ஏறினாள். முப்பது புள்ளி ஏழு. கல்பனா அதை உரக்கப் படித்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது.

இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேருக்குக் குறைந்திருக்கிறது. எந்த எச்.ஆருக்கும் தலைகால் புரியாமல்தான் போகும். முந்தின நாள் நடந்த வண்டித் தேர்வில் பேக்கிங்காரிக்குப் பலகை இரண்டு தடவை சரிந்துவிட்டதால், கல்பனா ஹெலன் பெயருக்கே ஆர்டர் அடித்து வைத்திருந்தார், கையெழுத்து மட்டும் பாக்கி. துளசிராமனின் ரிப்போர்ட் அந்தச் சந்தோஷத்தில் எங்கேயோ அடியில் போய்விட்டது. கல்பனா பேசினார். மன உறுதி பற்றிப் பேசினார், ஒழுக்கம் பற்றிப் பேசினார், எண்ணெய் இல்லாத சமையல் பற்றிப் பேசினார். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஹெலனை மேடைக்குக் கூப்பிட்டார்.

"நம்ம ஹெலன் எப்படிக் கொழுப்பைக் குறைச்சாங்கன்னு அவங்க வாயாலயே கேப்போம். உங்க வெற்றியோட ரகசியத்தைச் சொல்லுங்க ஹெலன்."

ஹெலன் மைக்கை வாங்கினாள். ஆர்டர் ஒரு கை தூரத்தில் இருந்தது. ஜிம், சுண்டல், மன உறுதி என்று நாலு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு வண்டி. அதில் பொய்கூட அவ்வளவு இல்லை. முன் வரிசையில் கன்னியம்மா காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுமலதா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரமாக யாரும் வெளியே போகவில்லை. அதிகாரி வந்திருக்கும்போது அட்டையை எடுக்க வேண்டாம் என்று துளசிராமன் காலையிலேயே சொல்லியிருந்தார்.

"கூட்டம்னா எனக்குப் பேச வராது," என்று ஆரம்பித்தாள். "நான் ஜிம்முக்குப் போனேன், பளு தூக்கினேன், வாயக் கட்டினேன். அது நான் பட்ட பாடு, அத நான் உட்டுக் குடுக்கமாட்டேன். ஆனா இங்க குந்திகினு கீற மீதி பதினெட்டு பேரும் ஜிம்முக்குப் போவல. எண்ணெயும் நிறுத்தல. அவங்களுக்கும் கொறஞ்சிகீது. எப்டின்னா, நாங்க தண்ணி குடிச்சோம். அவ்ளோதான். பாத்ரூம் போவ வுடமாட்டாங்கன்னு இத்தினி வருசம் குடிக்காம கெடந்தோம். காஞ்ச ஒடம்ப மெஷினு கொழுப்புன்னு சொல்லிச்சு. நாங்களும் நம்ம ஒடம்புதான் மோசம்னு நம்பினோம். எங்க ஒடம்பு மோசமில்ல."

கல்பனாவின் கை மைக்கை நோக்கி நீண்டு பாதியில் நின்றது.

"எத்தனை பாத்ரூம் இருக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒண்ணு மேடம். ஒரு அட்ட. இருவத்திரண்டு பேரு." ஹெலன் மைக்கை மேஜையில் வைத்தாள். "மீதிய வந்து சொல்றேன். எனக்கு இப்போ அவசரமா போவணும்."

ஆர்டரை வாங்கவில்லை. மேடையை விட்டு இறங்கி, துளசிராமன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், நடுவழியாக நடந்து வெளியே போனாள். நாற்காலி நகரும் சத்தம் ஒன்று கேட்டது, அது கன்னியம்மா. அப்புறம் சுமலதா. அப்புறம் எண்ண முடியவில்லை. இருபத்தொரு பெண்களும் எழுந்து, முற்றத்தில் மத்தியான வெயிலில் வரிசையாக நடந்தார்கள். ஆண்கள் லோடு ஏற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் தலையைக் குனியவில்லை. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒற்றைக் கதவுக்கு முன்னால் நின்று பேசிச் சிரித்துக்கொண்டு, வயசில் மூத்தவள் என்று கன்னியம்மாவை முதலில் அனுப்பினார்கள்.

அவர்கள் திரும்பி வர முக்கால் மணி நேரமானது. ஒற்றைப் பாத்ரூமுக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்பதை அதிகாரி தன் கைக்கடிகாரத்தில் பார்த்து எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கல்பனா ஆர்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய முகத்தில் கோபம் இருந்ததா வெட்கம் இருந்ததா என்று ஹெலனுக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவுமில்லை. நேராக மேடைக்குப் போனாள்.

"முப்பது புள்ளி ஏழு மேடம்," என்றாள். "முப்பத்திரண்டுக்குக் கீழதான் கேட்டீங்க."

கல்பனா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கழுவிய ஈரக்கையைப் புடவையில் துடைக்காமலேயே ஹெலன் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு, வண்டிச் சாவி எங்கே என்று கேட்டாள்.